பூப்பாத்திக்கு வேலியிட்ட கோட்டை

வாசகர்களே, இந்த அநியாயத்துக்கு நீங்களே சாட்சி. பெருநாள் விடுமுறையில் கல்முனையிலிருந்து குடும்பமாக ஒரு பழைய ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்கச் சென்றோம். தோட்டத்துப் பூப்பாத்திகளைச் சுற்றிக் கம்பிவேலி இருந்தது. உயர்ந்த மதிலின் ஓரத்திலோ ஒரு கயிறுகூட இல்லை.

அம்மதில்மேல் நின்று, மூத்த சகோதரியான ராத்தாவின் முன் அந்நியராட்சியைக் கண்டித்து முழங்கினேன். முத்தாய்ப்புக்கு முன் ஓரடி பின்வாங்குவது மேடைப் பேச்சாளர் வழக்கம். பின்வாங்கினேன், குதிகாலின் கீழ் தரையில்லை.

ராத்தா சட்டையைப் பற்றி இழுத்தார். "கை தட்டுறன், முதல்ல இஞ்சால வாடா!"

காவலாளியிடம் நியாயம் கேட்டேன். "பூவ மிதிக்க விடாம பாக்கத்தான் எனக்குச் சொன்னாங்க, தம்பி."

மனித உயிர் பூச்செடியிலும் மலிவா?

இப்போதெல்லாம் எந்த மேடையிலும் பின்புறத்தைப் பார்த்த பின்பே வாய்திறக்கிறேன். ஆயினும் பிழை என் காலினுடையதன்று. அதனால்தான் அன்றே எல்லோரும் கேட்க உரத்துச் சொன்னேன்: "இந்த மதிலுக்குக் கம்பி போடுமட்டும், நான் ஏறுற மேடையெல்லாம் இதத்தான் முதல்ல கதைப்பன்!"