மலையேற மறுத்த கொரியா கார்

இன்று காலை திருத்தணி மலைப்பாதையில் என் கொரியா கார் முக்கி முனகி, பாதி வழியில் கருகல் வாடையோடு நின்றுவிட்டது.

உடனே அதே கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டுரையே எழுதினேன். கட்டடம் கட்டிக்கொண்டிருந்த கம்பெனி கார் செய்ய வந்த வரலாற்றில் தொடங்கி, 'இழுவை பூஜ்யம்' என்று தீர்ப்பு சொல்லி முடித்தேன்.

"நான் ஏலகிரிக்கே ஏத்திட்டேன், ஒண்ணும் ஆவல" என்றார் ஒருவர்.

"எனக்கும் இதே கததான், வித்துட்டேன்" என்றார் இன்னொருவர். அவருக்கு மட்டும் ஒரு இதயம் அனுப்பினேன்.

பின் சீட்டிலிருந்து மனைவியின் தங்கை எட்டிப் பார்த்தாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து சாமி கும்பிட வந்தவள். ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது.

"பாவா, அந்த செவப்பு லைட்டு கீழருந்தே எரிஞ்சிகினு கீதே, அது எதுக்கு?"

அது ஹேண்ட் பிரேக் விளக்கு. அடிவாரத்தில் தேங்காய் வாங்க நிறுத்தியபோது போட்ட பிரேக்கை நான் எடுக்கவே இல்லை.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

சற்று ஆறவிட்டு எடுத்தேன். கார் சத்தமில்லாமல் மேலே ஏறியது. தரிசனமும் நன்றாகவே முடிந்தது.

குழுவில்தான் இன்னும் விடவில்லை. "என்ன ரிப்பேர் சார்? எந்த பார்ட் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மானம் போகாத மாதிரி ஒரு பார்ட்டின் பெயர் சொல்லுங்களேன்.