பின்வாசலில் வெண்டைக்காய்

நல்லவாட்டிலிருந்து வில்லியனூருக்கு மீன் கொண்டுவந்து விற்கும் ஜோதிலட்சுமிக்கு, மீனைவிட மீன் தின்கிறவர்களைப் பற்றித்தான் அதிகம் தெரியும். யாருக்கு முள் ஆகாது, யார் வெள்ளிக்கிழமை கவிச்சியைத் தொடமாட்டார், எந்த வீட்டில் இறால் சமைத்தால் மருமகளுக்கு உடம்பெல்லாம் தடிக்கும் என்பதெல்லாம் இருபது வருடமாக அவள் மண்டைக்குள்ளேயே இருந்தது. வேறெதற்கும் அங்கே இடமில்லை. சொந்தக் கல்யாண நாளையே மறந்துவிடுவாள்.

புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் தீபிகாதான் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். அதற்கு ரூல் எஞ்சின் என்று பெயராம். ‘முள் ஆகாதவர்’, ‘வெள்ளி விரதம்’, ‘புரட்டாசி விரதம்’ என்று ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பெயர் வைத்து ஒருமுறை எழுதிவிட்டால் போதும். பிறகு வேண்டியபோது எடுத்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளலாம். முள் நிறைந்த காரப்பொடி மீன் வந்தால், முள் ஆகாதவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் போனில் செய்தி போகும். ஜோதிலட்சுமி சொக்கிப்போனாள்.

“ஒரு தடவ மசாலா அரைச்சி வச்சிக்கினு வாரம் பூரா கொழம்பு வைக்கிற மாதிரிதான்டி இது” என்று மகளுக்கே பாடம் எடுத்தாள்.

அவளே தனியாகச் செய்த நிபந்தனை ஒன்று உண்டு. பெயர் ‘ரகசியம்’. ஊர் பார்க்க மட்டும் புரட்டாசி விரதம் இருக்கும் நான்கு பேர் அதில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரே குறட்டை விடும் நேரத்தில், அவர்களுக்காக வில்லியனூரில் அவள் வீட்டுப் பின்வாசல் திறக்கும். அந்த நால்வர் யாரென்று அவள் பெற்ற மகளிடம்கூட மூச்சு விட்டதில்லை. விஷயம் வெளியே கசிந்தால், கடைத்தெருவில் ஒருவரும் அவளை நம்பி மீன் வாங்கமாட்டார்கள்.

எப்படியோ மோப்பம் பிடித்து ஐந்தாவதாக வந்தவர் மளிகைக்கடை ஏகநாதன். புரட்டாசி சனிக்கிழமை பஜனைக்கு அவர்தான் தலைவர்.

“ஜோதி, எனக்கும் ஒரு மெசேஜ் வுடு. ஆனா எம்பேரு எந்த லிஸ்ட்லயும் இருக்கக்கூடாது. கோகிலாவுக்குத் தெரிஞ்சா வூட்டுக்குள்ளயே சேக்கமாட்டா” என்றார், நெற்றி நாமம் வியர்வையில் கரைய.

“கவலைய வுடுண்ணே. உம்பேர வாயாலயும் சொல்லமாட்டேன், கையாலயும் எழுதமாட்டேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அங்கேதான் வந்தது வினை. பெயரை எழுதாமல் ஆளைச் சேர்ப்பது எப்படி? கைவசம் இருந்த நிபந்தனைகளைப் பொறுக்கிக் கோத்தாள். வில்லியனூர்க்காரர். கடை வைத்திருப்பவர். புரட்டாசி விரதம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது அவள் கண்ணுக்கு ஏகநாதனின் முகம்தான் தெரிந்தது. ‘ரகசிய’த்தோடு அதையும் இணைத்துவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு டீ போட்டுக் குடித்தாள். தீபிகாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டியிருக்குமே!

ஞாயிறு காலை செய்தி பறந்தது: “வஞ்சரம் துண்டு போட்டு ரெடி. ரெண்டு மணிக்குப் பின்பக்கமா வாங்க. யாருக்கும் தெரியாது.”

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தாள். சந்து முழுக்க ஆட்கள். பாத்திரக்கடை பச்சையப்பன், ஜவுளிக்கடை உத்திராபதி என்று வில்லியனூர்க் கடைத்தெருவே கக்கத்தில் துணிப்பையோடு நின்றது. ஒருவரையொருவர் பார்த்துவிடாமல் எல்லோரும் சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.

கடைசியாக வந்த ஏகநாதன் இந்தக் கூட்டத்தைக் கண்டு பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஐந்து பேரின் மானத்தைக் காக்கப் போய் ஊர் மானத்தையே சந்தில் நிறுத்திவிட்டோமே, இனி எந்த மூஞ்சியோடு இங்கே கடை போடுவது என்று ஜோதிலட்சுமிக்கு மனசு பதறியது.

பச்சையப்பன் தொண்டையைச் செருமினார். “நான் வெண்டக்கா வாங்க வந்தேன்.”

“நானும் வெண்டக்காதான்” என்றார் உத்திராபதி. வரிசையாக எல்லோரும் வெண்டைக்காய்க்குத்தான் வந்திருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

அப்போது சந்து முனையில் ஏகநாதனின் மனைவி கோகிலாம்பாள் திரும்பினாள். மளிகைக்கடைக்குக் கொம்யூன் பஞ்சாயத்து கொடுத்த லைசென்ஸ் அவள் பெயரில்தான் இருந்தது. அதனால் ஜோதிலட்சுமி எப்போதோ அவளையும் கடைக்காரர் என்று ஏற்றி வைத்திருந்தாள். அவள் கையிலும் ஒரு பை இருந்தது.

“நீ எங்கடி இங்க?” என்றார் ஏகநாதன்.

கோகிலாம்பாள் கணவனைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு தன் பையை அவர் கையில் திணித்தாள்.

“எனக்கும் சேத்து ஒரு கிலோ வெண்டக்கா வாங்கினு வாங்க. நடுத்துண்டா பாத்து வாங்குங்க. நான் போயி மசாலா அரைக்கிறேன்.”

ஒரு மணி நேரத்தில் ஐஸ்பெட்டி காலியானது. சாயங்காலம் ஜோதிலட்சுமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ‘ரகசியம்’ என்ற நிபந்தனையை மொத்தமாக அழித்தாள். இனிமேல் ‘புரட்டாசி விரதம்’ ஒன்றே போதும்.