வாயில் மிஞ்சிய ஓம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஊர் முரசுமோட்டையில் கேட்டால் ‘கொஞ்சமோ?’ என்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு ஒரு காலை, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நிற்கும்போது, சம்மதம் சொல்லும் ‘ஓம்’ ஒன்றைத் தவிர எல்லாச் சொல்லும் போய்விட்டது.

என் மனுசனுக்கு முதலில் அது விளங்கவில்லை. “இஞ்சாரும், உழுறதுக்கு அந்தப் பழைய லாண்ட்மாஸ்டர் மெசினை வாங்குவமோ?” என்று குசினி வாசலில் நின்று கேட்டார். எத்தனையோ தரம் நான் மறித்த விசயம். ‘விசர்க்கதை கதையாதேங்கோ’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஓம்” என்றது வாய்.

மனுசனுக்கு முகமெல்லாம் பல். ஆசை யாரை விட்டது? “அப்ப, பின்னேரம் கொஞ்சம் கள்ளுக் குடிக்கட்டோ?”

“ஓம்.”

அவர் முகம் செத்துப்போனது. “ஐயோ, உமக்கு என்னவோ நடந்திட்டுது!” என்று ஆட்டோ பிடிக்க ஓடினார். கள்ளுக்கு நான் ஓம் சொன்னதுதான் என் உயிரைக் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கான் பண்ணினார்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தது. எங்கிருந்து வந்த அடைப்பு என்று தேடி நெஞ்சையும் பார்த்தார்கள். இதயத்துக்குள் ஒரு கட்டி! புற்றுநோய் இல்லை. ஆனால் அதிலிருந்து பிய்ந்த துணுக்குத்தான் மேலே ஏறியிருக்கிறது. எனக்கு ஒருநாளும் நெஞ்சு நொந்ததில்லை. என்ன கள்ளத்தனம் பாருங்கள்.

“நெஞ்சைத் திறந்து கட்டியை எடுக்க வேணும் அம்மா. விட்டால் இன்னொரு துண்டு போகும். உங்களுக்குச் சம்மதமோ?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம்.”

“டொக்டர், அவா இப்ப எல்லாத்துக்கும் ஓம்தான் சொல்லுவா,” என்றார் மனுசன்.

டொக்டர் சோதித்துப் பார்த்தார். “நான் உங்கட தம்பியோ?”

“ஓம்.”

எனக்கு வந்த கோபம்! பயமும்தான். எனக்கு வாழ வேண்டும். அதை எப்படிச் சொல்வது? வலக்கை சோர்ந்து கிடந்தது, எழுதவும் முடியாது.

ஒப்பரேசனுக்கு முதல் நகை எல்லாம் கழற்ற வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தா. இடக்கையால் தாலிக்கொடியைத் தலைவழியே கழற்றினேன். மனுசனைச் சட்டையில் பிடித்துக் குனிய இழுத்து, அவர் கழுத்தில் போட்டுவிட்டேன். தாதி சிரித்துவிட்டா. மனுசன் அழுதார்.

“டொக்டர், இதுதான் அவாவின்ர ஓம்,” என்றார்.

கட்டியை எடுத்தார்கள். பிறகு சொற்கள் ஒவ்வொன்றாய் வரத் தொடங்கின. ஒருநாள் மனுசன் கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். கொலர் இடுக்கில் கொடி மினுங்கியது.

“சனம் சிரிக்கேல்லையோ?” திக்கித் திக்கிக் கேட்டேன்.

“சிரிச்சதுகள்தான். நீர் போட்டது. நீர் எழும்பிக் கழட்டுவீர் எண்டு இருந்தனான்.”