நாற்பத்து மூன்று பல்லும் இருபது மூட்டையும்: காஞ்சிபுரத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு

ஐப்பசி மழை விட்ட மறுவாரம், ஒரு வெள்ளிக்கிழமை, ஜவ்வாது மலைக்குப் போய் வந்தோம். நான், என் மனைவி எஸ்தர், என் மகள் ஸ்டெல்லா, இருபது சிமெண்ட் மூட்டை. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மலையில் உள்ள ஒரு பெண்கள் சங்கத்துக்குச் சாமான் ஏற்றி இறக்க ஒரு வண்டி தேவைப்பட்டது. ஒரு டன் சுமையோடு மண் பாதையில் ஏறி மேலே வந்து நின்றால் வருடம் முழுக்க வேலை ஸ்டெல்லாவுக்கு. வழியில் நின்றுவிட்டால் இல்லை. அவளுக்கு முன்பு வந்த இரண்டு வண்டிகள் பாதியில் நின்றுவிட்டனவாம்.

நான் நாற்பது வருடம் லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவன். எழுதப் படிக்கக் கற்றது அறுபத்தேழு வயதில், மாலை வகுப்பில். இப்போது அறுபத்தொன்பது. இந்தப் பதிவை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. பெரிய டயர் போட்ட வண்டியில் மலை ஏற நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். பயண விவரம் மட்டும் வேண்டுமென்றால் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம். ஆனால் தாண்டாதீர்கள்.

ஸ்டெல்லாவிடம் இருப்பது நாலு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் வண்டி. அந்தப் பாதையில் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் என்பதால் பட்டை ஸ்பிரிங் மாற்றி வண்டியை நாலு அங்குலம் உயர்த்தினோம். பெரிய டயர் போட்டோம். அதோடு வண்டியின் பலம் போய்விட்டது. காரணம் எளிது. தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, சுமை ஏற்றிய வண்டியை ஒரு சுற்று உருட்டி அளந்தேன். பழைய டயர் ஒரு சுற்றுக்கு ஏழடி நாலு அங்குலம் போகும். புதியது எட்டடி நாலு அங்குலம். ஒவ்வொரு சுற்றிலும் என்ஜின் வண்டியை ஓரடி கூடுதலாகத் தள்ள வேண்டும்.

இதைச் சரிசெய்ய அச்சின் நடுவே உள்ள கிரௌன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். பழைய ஜோடியில் பெரியதில் 47 பல், சிறியதில் 11. வகுத்தால் 4.27. அதாவது என்ஜின் பக்கமிருந்து அச்சுக்கு வரும் நடு ஷாஃப்ட் நாலேகாலுக்குச் சற்று மேல் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஓரடி கூடியதற்கு ஈடு கட்ட 4.85 வேண்டும். கடையில் கிடைப்பது 39க்கு 8, அதாவது 4.87. அல்லது 43க்கு 8, அதாவது 5.37.

ஆற்காட்டில் உதிரி பாகம் விற்கும் பாய் எனக்குப் பழக்கம். "முப்பத்தொம்போது போடு உஸ்தாத். கம்பெனியில இருந்து வந்தாப்புல ஓடும்" என்றார். ஸ்டெல்லாவும் அதையே சொன்னாள். நெடுஞ்சாலையில் வேகம் போக வேண்டும் அவளுக்கு. நான் ஒரு வாரம் முன்பே பேருந்தில் போய் அந்த மண் பாதையை நடந்தே ஏறிப் பார்த்திருந்தேன். மூன்று வளைவுகளில் வண்டி நடை வேகத்தில்தான் போக முடியும். அதனால் 43 என்றேன். பாயிடம் புதிய ஜோடி ஒன்றுதான் இருந்தது. பல்லை எண்ணி வாங்கிப் பின் அச்சில் போட்டேன். முன்பக்கத்துக்கு முழு அச்சாகவே ஒரு பழையது கிடைத்தது. அதன் மூடியில் யாரோ வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள்: "முன் அச்சு. 43 பல்." நான் சத்தமாகப் படித்தேன். பாய், "தொறந்து காட்டட்டா உஸ்தாத்?" என்று கேட்டார். "எதுக்கு பாய், அதான் எழுதிக்கீதே" என்றேன்.

இனி பயணம். காலை 5.30க்குக் கிளம்பினோம். தாமல் தாண்டும்போது விடிந்து ஏரி முழுக்க வெளிச்சம். எங்கள் வண்டி ஐம்பதுக்கு மேல் போனால் என்ஜின் கத்தியது.

"நைனா, பால் வண்டிகூட நம்மள முந்திக்கினு போவுது" என்றாள் ஸ்டெல்லா.

"போவட்டும். அவன் பாலாறு வரைக்கும்தான் போறான். நாம மலை ஏறணும்."

"மலைக்குப் போறதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துடும்" என்றாள் எஸ்தர், பின் இருக்கையிலிருந்து.

ஒரு எச்சரிக்கை. டயரும் பல்லும் மாற்றினால் வண்டியின் மீட்டர் பொய் சொல்லும். சாலையோரக் கற்களை வைத்துப் பார்த்ததில், மீட்டர் 100 கிலோமீட்டர் தூரம் காட்டும்போது நாங்கள் ஓடியது 90தான். கீழே உள்ள தூரங்கள் கற்களைப் பார்த்துக் கூட்டியவை. ஆற்காடு 44 கிலோமீட்டர், 6.35 மணி. இட்லியும் டீயும் மூன்று பேருக்கு 165 ரூபாய். சாம்பார் நன்றாக இருந்தது, சட்னி நீர்த்திருந்தது. அங்கிருந்து ஆரணி 27, அடுத்து போளூர் 26. அதற்குப் பின் மலைச்சாலை ஜமுனாமரத்தூர் வரை 41. மலைச்சாலையில் இரண்டாம் கியரில் ஒரு டன்னோடு ஏறியபோது ஒரு இடத்திலும் என்ஜின் திணறவில்லை. ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பால் வண்டிப் பேச்சு நின்றுவிட்டது.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை. அது முடியும் இடத்தில் மண் பாதை தொடங்குகிறது. மேலே உள்ள ஊரின் பெயரைப் போடவில்லை. வேடிக்கைக்கு வண்டி ஓட்டி வந்து பாதையைக் குழியாக்குகிறார்கள் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். அங்கே 10.40க்குச் சேர்ந்தோம். சங்கத்தின் தலைவி சின்னப்பொண்ணும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் தலையில் சும்மாடு சுற்றித் தயாராக நின்றிருந்தார்கள். வண்டி நின்றுவிடும் என்று முடிவுசெய்தே வந்திருக்கிறார்கள்.

"மேல வந்து நின்னா பேசலாம்மா" என்றார் சின்னப்பொண்ணு ஸ்டெல்லாவிடம். கடுமையாக இல்லை. இரண்டு முறை ஏமாந்தவர் பேசுவது போல.

முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கும் லீவரைப் போட்டு ஸ்டெல்லா கிளம்பினாள். நூறடி போவதற்குள் ஸ்டியரிங் இறுகியது. முன் சக்கரங்கள் நாய் பள்ளம் தோண்டுவது போல மண்ணை வாரின. வண்டி உதறியது. முதல் வளைவில் கிளட்ச் கருகும் வாசனை.

"நைனா, இன்னா இது? முன்னாடி ஒருத்தன் இஸ்துக்கினு ஓடுறான், பின்னாடி ஒருத்தன் வரமாட்டேன்றான்!"

அவள் சொன்னதுதான் சரியான நோய். நாலு சக்கரமும் இழுக்கும்போது முன் அச்சிலும் பின் அச்சிலும் பல் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். பின் அச்சை நான் எண்ணினேன். முன் அச்சைப் படித்தேன். நாற்பது வருடமாக எண்ணாமல் எதையும் வண்டியில் ஏற்றாதவன், எழுத்தைப் பார்த்ததும் எண்ண மறந்துவிட்டேன்.

வண்டியைப் பின்னோக்கி இறக்கி அடிவாரத்துச் சமதரைக்குக் கொண்டுவந்தோம். அப்போதுதான் இறுகிப்போயிருந்த லீவரும் விடுபட்டது. ஸ்டெல்லாவிடமும் எஸ்தரிடமும் உள்ளதைச் சொன்னேன். "மூடியில இருந்தத நம்பிட்டேம்மா. தப்பு என்னுது."

ஸ்டெல்லா மேலே போகும் பாதையைப் பார்த்தாள். சின்னப்பொண்ணு வந்து மெதுவாக, "எறக்கிடலாமா ஐயா? எங்களுக்குத் தலையில தூக்கிப் பழக்கந்தான்" என்றார்.

"ஒரு மூட்டையக்கூட தொடாதீங்க அக்கா" என்றாள் ஸ்டெல்லா.

முதலில் முன் அச்சில் எத்தனை பல் என்று தெரிய வேண்டும். மூடியைத் திறந்தால் எண்ணெய் எல்லாம் கொட்டிவிடும். திறக்காமலே எண்ண ஒரு வழி உண்டு. ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். மறு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், இந்த இரண்டு சுற்றும் உள்ளே கிரௌனுக்கு ஒரே சுற்றுதான். அதற்குள் முன் அச்சுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். அரைச் சுற்று, கால் சுற்றுதான் கண்ணுக்குப் பிடிபடாது. எஸ்தர் முப்பது வருடமாக நெசவாளர்களுக்குத் தார் சுற்றுகிறவள், அதாவது தறி நாடாவில் போடும் குழலில் பட்டு நூல் ஏற்றுகிறவள். அவள் பையில் எப்போதும் துண்டு நூல் இருக்கும். ஒரு பச்சை நூலை எடுத்து ஷாஃப்டில் முடிந்து, மறுநுனியை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டாள்.

"சுத்து" என்றாள். நான் சக்கரத்தைச் சுற்றினேன். நூல் ஷாஃப்டில் ஏறியது. இரண்டு சுற்று முடிந்ததும் விரல் நகத்தால் வரி வரியாகத் தொட்டு எண்ணினாள்.

"நாலு முழுசு. அஞ்சாவதுல அரைக்கால் கொறையுது."

"நல்லாப் பாரு எஸ்தரு."

"உன்னிய மாதிரி படிச்சிட்டா சொல்றேன்? எண்ணிட்டுச் சொல்றேன்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு முறை சுற்றினோம். அதே கணக்கு. ஐந்துக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, குறைவு என்றால் 4.87. முன் அச்சில் இருப்பது 39.

மலையில் பல்சக்கரம் மாற்ற முடியாது. ஆனால் முன் ஷாஃப்டைக் கழற்ற முடியும். எட்டு போல்ட், இருபத்தைந்து நிமிடம். இனி பின் சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். ஸ்டெல்லா, "லோ கியர் போட்டுக்கட்டா நைனா?" என்றாள். கூடாது என்றேன். லோ கியர் என்பது எல்லாக் கியரின் பலத்தையும் பெருக்கும் தனி கியர்; அதில் மொத்த பலமும் ஒரே அச்சில் ஏறினால் உள்ளே இருக்கும் ஷாஃப்ட் முறிந்துவிடும். சாதாரண முதல் கியரில்தான் ஏற வேண்டும். அதற்குப் பின் அச்சின் பல் கணக்கு போதுமா, போதாதா என்பதுதான் கேள்வி. மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே நகர்த்தினோம். டயர் காற்றை 35லிருந்து 18க்கு இறக்கினோம். மணி 12.15.

எஸ்தர் பெண்களோடு நடந்து வந்தாள். நான் ஸ்டெல்லாவின் பக்கத்தில். நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதில் ஒரு சக்கரம் வழுக்கிப் பிடித்தது. மூன்றாவது வளைவு செங்குத்து. பாதி ஏறியதும் என்ஜின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. டுக்... டுக்... ஸ்டெல்லாவின் கால் கிளட்ச் பக்கம் போனது.

"கிளட்ச் மிதிக்காத. வுடு. அதுவே ஏறும்."

"நின்னுடும் நைனா!"

"நிக்காது."

நிற்கவில்லை. அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு பலம் குறைந்திருந்தால் நின்றிருக்கும். 39க்கும் 43க்கும் உள்ள வித்தியாசம் சரியாக அந்தப் பத்தில் ஒரு பங்குதான். சத்தம் மெல்ல ஏறியது. வளைவு முடிந்து மேடு சமமானதும் ஸ்டெல்லா ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினாள். "நாப்பத்தி மூணு! நாப்பத்தி மூணுப்பா!" அவள் பத்தாவது தேர்வு பாஸானபோதுகூட இப்படிக் கத்தவில்லை.

12.41க்கு மேலே நின்றோம். இருபத்தாறு நிமிடம். ஒரு மூட்டையும் கிழியவில்லை. சற்று நேரத்தில் சின்னப்பொண்ணு மூச்சு வாங்க ஏறி வந்தார். தலையில் இருந்த சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு ஸ்டெல்லாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வாரத்துக்கு எத்தன தடவ வருவே?"

"ரெண்டு தபா, அக்கா."

சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார்கள். என் மகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பசித்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. போக வர டீசல் 36 லிட்டர் ஆனது. போளூருக்கு அப்புறம் பெட்ரோல் பங்க்கை நம்ப வேண்டாம், போளூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மழை விட்டு ஐந்து நாளாவது காயாத மண் பாதையில் ஏறாதீர்கள். டயரின் மேல் போட்டிருக்கும் அளவை வைத்துக் கணக்குப் போடாமல் சுமையோடு உருட்டி அளந்து போடுங்கள். பெரிய டயருக்கு ஈடான பல் எது என்று முதலில் பாருங்கள். சுமையோடு மலை ஏறுகிற வண்டி என்றால் அதற்கு அடுத்ததை எடுங்கள். நெடுஞ்சாலையில் பால் வண்டி முந்தும். முந்தட்டும். இரண்டு அச்சையும் நீங்களே எண்ணுங்கள். எல்லாவற்றையும்விட இது முக்கியம். இறங்கும்போது காற்றை மறுபடி ஏற்ற ஒரு பம்பு எடுத்துப் போங்கள். நாங்கள் மறந்துவிட்டு, ஜமுனாமரத்தூர் வரை ஊர்ந்து வந்தோம்.

மறு வாரம் பாயிடம் போனோம். எங்களுக்காக இன்னொரு 43 ஜோடி வரவழைத்திருந்தார். முன் அச்சைத் திறந்தால் உள்ளே 39தான். "அன்னிக்கே தொறக்கட்டான்னு கேட்டேனே உஸ்தாத்!" என்று சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. புதிய ஜோடியைப் போட்டு மூடியதும், மூடியில் இருந்த எழுத்தும் உண்மையாகிவிட்டது.

கழற்றிய ஜோடியை அலமாரியில் வைக்குமுன் பாய் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்து, "நீயே எழுதிடு" என்றார். பெரியதில் ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து எண்ணினேன். முப்பத்தொன்பது. சிறியதில் எட்டு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். அதை வாங்கப்போகிறவர் யாரோ, எந்த மலைக்குப் போகப்போகிறாரோ தெரியாது. அவர் கடையில் நின்று என் எழுத்தைப் படிப்பார். படித்துவிட்டு, திறக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். அதனால் மூன்றாவது முறையும் எண்ணிவிட்டுத்தான் எழுதினேன்.