முதல் தம்ளர்

என் வீட்டுக்காரருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவில் முதலில் சொன்னது நான் இல்லை. இல்லை என்று மறுக்கத் தெம்பில்லாமல் போனது மட்டும் என் பங்கு.

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். ஒரு கோடையில் அஜீரணம் என்று ஆரம்பித்து, ரசஞ்சோறு போதும் என்றார். அவருடைய அக்கா, என் மதினி, ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் ஈயச்சொம்பு ஒன்று வாங்கி வந்து தந்தார். அதில் வைத்தால்தான் ரசம் மணக்கும், வயிற்றுக்கும் நல்லது என்றார். அன்றிலிருந்து எல்லா வேளைக்கும் அந்தச் சொம்புதான். வயிற்று வலி போகவில்லை. வலி கூடக்கூட நான் ரசத்தைக் கூட்டினேன்.

பிறகு தூக்கம் போனது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு மறந்தது. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சோத்துல என்னத்தடி போடுத?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வேளையும் நான் ஒரு தம்ளர் ரசம் குடித்துக் காட்ட வேண்டும். நான் விழுந்துவிடுகிறேனா என்று கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்புறம்தான் சோற்றில் கை வைப்பார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் குடித்தேன். பட்டினி போட முடியுமா?

புத்தி தெளியும் என்று அம்மன் சன்னதியில் உட்கார வைத்துப் பார்த்தோம். திருநெல்வேலியில் மனநல டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை தின்றால் தூங்குவார், விழித்தால் அதே கேள்வி. கடைசியில் சென்னையிலிருந்து மகன் வந்து கூட்டிப்போனான். "அவ வந்தா நான் வரல" என்றார். சரி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் முழுக்கத் தூங்கினேன்.

அங்கே போய் அவர் தேறினார். ஊருக்கு வேறென்ன வேண்டும்? என் கையை விட்டுப் போனதும் குணமாகிவிட்டதே என்றார்கள். என்னிடம் நேராகச் சொன்னவர்கள் கொஞ்சம் நல்லவர்கள்.

சென்னையில் ஒரு டாக்டரம்மா, வயிற்று வலிக்காகப் பார்க்கப் போனபோது, அவர் வாயைத் திறக்கச் சொல்லி ஈறில் ஒரு கறுப்புக் கோட்டைப் பார்த்திருக்கிறார். ரத்தத்தைச் சோதித்தால் அதில் காரீயம். வீட்டில் எதில் சமைக்கிறார்கள் என்று கேட்டாராம். மகன் போனில் சொன்னதும் சொம்பை எடுத்து அனுப்பினேன். நல்ல சொம்பை வெள்ளீயத்தில் செய்வார்கள். எங்களுடையதில் காரீயம் கலந்திருந்தது. புளித்தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அது ரசத்தில் இறங்கி, அவருடைய மூளை வரைக்கும் போயிருக்கிறது. கிறுக்கு இல்லை, விஷம் என்று தெரிந்ததும் மகன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. பழி தீர்ந்தது என்று மட்டும் நினைத்தேன்.

எங்கே தீர்ந்தது? அவர் மருந்து முடித்து ஊர் திரும்பிய அன்று மதினி வந்தார். தம்பி தலையைத் தடவிக்கொண்டு, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"அப்பம் அவன் சொன்னது நெசந்தான. சோத்துல இருந்திருக்குல்லா."

அந்தச் சொம்பு யார் வாங்கித் தந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கும் அலுப்பாக இருந்தது. காப்பி போட எழுந்தேன்.

அவர் அக்காவின் கையை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார்.

"எனக்குத் தாறதுக்கு முன்னால நெதமும் அவதானக்கா குடிச்சா. அவளுக்கு யாராவது டெஸ்ட் எடுத்தியளா?"

யாரும் எடுக்கவில்லை. வைத்த சாமான் மறந்து போவதையும், விரல் மரத்துப் போவதையும், காரணமில்லாமல் எரிந்து விழுவதையும் வயசு என்று விட்டிருந்தேன். எனக்கே தோன்றவில்லை.