மறைந்திருந்த அனுமானம்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படித்தேன். கணக்கு ஓரளவு வந்துவிட்டது. 'கூற்றில் மறைந்துள்ள அனுமானம் எது' என்ற வகைக் கேள்விதான் என்னை அழவைத்தது.

ஒருநாள் டீ நேரத்தில், ஒரே ஷிப்டில் இருந்த தோழியிடம் அப்படியொரு கேள்வியை வாசித்துக் காட்டினேன். அவள் எட்டாவதோடு நின்றவள். கேள்வியில் இருந்த கூற்று இது: 'ஊரில் மாலைநேர நூலகம் திறக்கிறார்கள். ஆகவே வேலைக்குப் போகும் பெண்கள் இனி நிறையப் படிப்பார்கள்.' எல்லா நூல்களும் அங்கே இருக்கும் என்பதே அனுமானம் என்று நான் குறித்திருந்தேன். விடைக்குறிப்பின்படி அது தவறாம். ஏன் என்றுதான் புரியவில்லை.

அவள் யோசிக்கவே இல்லை.

"எல்லாப் புஸ்தகமும் இல்லைன்னா என்னட்டி, இருக்கிறதப் படிப்பா. சாயங்காலம் வீட்ட விட்டு வர முடியலைன்னா? அம்புட்டும் போச்சுல்லா."

பெண்களால் மாலையில் வர முடியும் என்பது, விடை அதுதான். அதன்பிறகு எந்த விடையையும் 'இது இல்லையென்றால் என்ன ஆகும்?' என்று கேட்டுப் பார்த்த பிறகே குறித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஞாயிறுதோறும் இலவசப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஏன் போகவில்லை என்று அவளே ஒருநாள் கேட்டாள். மகள் சின்னவள், கணவர் விடமாட்டார் என்றேன்.

"அவியகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள்மேல் கோபமும் வந்தது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த கணவரிடம் பாதி பயத்தோடு சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போயிட்டு வா. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

இத்தனை மாதம் நானே எனக்குக் குறுக்கே நின்றிருக்கிறேன்.

ஞாயிறு ஷிப்ட் எனக்கு விழும்போதெல்லாம் தோழி மாற்றிக்கொண்டாள். முதல்முறை தேர்வில் தோற்றேன். இன்னொருமுறை எழுது என்று இருவருமே சொன்னார்கள். எழுதினேன், தேறினேன்.

முடிவு வந்த அன்று கணவருக்குப் போனில் சொல்லிவிட்டு, ஆலை வாசலில் போய் நின்றேன். ஷிப்ட் முடிந்து வந்தவளிடம், நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்றேன். நூலகக் கேள்வி அவளுக்கு நினைவே இல்லை. என்ன சொன்னேன், என்ன சொன்னேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தபடி, முழுவதையும் சொன்னேன்.