சுண்ணாம்பு காணாச் சுவர்

நிறை என்பது, நெஞ்சைத் தான் கொண்ட வழியில் நிறுத்திப் பிறர் நகைப்புக்கு அசையாதிருத்தல். அக்குணம், பெரம்பலூரின் கிழக்கு விளிம்பில், அரியலூர்ச் சாலையோரப் புறம்போக்கில், சித்தாள் வேலை செய்து வாழும் ராசாத்தி அம்மையிடம் இருந்தது.

நகரம் வளர்ந்து அவர் தெருவைத் தொட்டது. பட்டா கிடைத்தால் வீடு நிற்கும், கிடையாவிடில் இடிபடும். நெடுங்காலம் குடியிருந்தோருக்கே பட்டா என்றார்கள். தெருவாரின் ரேஷன் அட்டைகளோ, ஓட்டுப் போய்விடக் கூடாதென்று, சொந்த ஊரான விக்கிரமங்கலத்து முகவரியிலேயே இருந்தன. ஆதலால் வருவாய் ஆய்வாளர் நேரில் பார்த்து எழுதுவதாக ஏற்பாடு.

வருபவர் அதிகாரி. தெரு அவரைத் திருவிழாவாகவே கருதியது. சுவர்தோறும் வெள்ளை, வாசல்தோறும் வாழை, கூரைதோறும் புதுத் தகரம்.

"ஏ ராசாத்தி, உன் வூடு மட்டும் அடுப்புச்சட்டியாட்டம் கெடக்குது. தெருவுக்கே மானக்கேடுடி!" என்றார் அடுத்த வீட்டுக் கலையரசி.

"அவரு போயி வருசம் திரும்பல. சுண்ணாம்பு தொட மாட்டேன்."

"அவரு இருந்தப்ப மட்டும் அடிச்சியாக்கும்?"

"அது சோம்பல். இது முறை."

ஆய்வாளர் வந்தார், மாலையை ஏற்றார், தெருவைப் பார்த்தார்.

"எல்லாம் புத்தம் புதுசா இருக்கே! போன மாசம் வந்த குடியிருப்புன்னுதான் எழுத முடியும்."

"உங்களுக்காகத்தாங்க சார் அடிச்சோம்!" என்று கலையரசி பதறினார். ஆய்வாளர் நம்பவில்லை. நம்புவதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை.

ராசாத்தியின் வீடு கடைசி. வாசல் விறகடுப்பின் புகை சுவரில் மெழுகெனப் படிந்திருந்தது. நிலைக்காலின் அடியைக் கரையான் பாதி தின்று முடித்திருந்தது. ஆய்வாளர் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எத்தனை வருசப் புகைம்மா இது?"

"பெரியவ பொறந்ததுலேருந்துங்க. இப்ப அவ காலேஜி போறா."

"மத்த வீடெல்லாம்?"

"வெள்ளைக்கு அடியில எல்லாமே இப்படித்தாங்க சார். சுரண்டிப் பாருங்க."

அவர் சுரண்டச் சாவியை எடுப்பதற்குள் கலையரசி தோசைக் கரண்டியோடு தம் சுவரில் பாய்ந்தார். தெருவே பின்தொடர்ந்தது. அதிகாரி கையில் கொடுத்த தேநீரைக் குடித்து முடிக்குமுன், அவருக்காக அடித்த வெள்ளை முழுவதும் அவர் கண்ணெதிரே உதிர்ந்தது. ஒவ்வொரு சுவரும் கறுத்தது. அவர் கால்சட்டை மட்டும் வெளுத்தது.

சித்திரையில் பட்டா வந்தது. தெருவுக்கும் வந்தது, ராசாத்தியின் பெயருக்கும் வந்தது.

சிறுவாச்சூர் மதுரகாளி அம்மையின் கடைக்கண் அவ்வில்லத்தின்மேல் என்றும் பொருந்துக. அவ்வீட்டு உலையில் அரிசி ஒழியாதிருக்க. ராசாத்தி அம்மையின் மக்கள் பிணியின்றிக் கற்று, பெருகி, நீடு வாழ்க.